எண்ணும் எழுத்தும் கலந்த பட்டியலை கணினி எப்படி வரிசைப்படுத்துகிறது? 1945-லேயே வழி காட்டிய ஜான் வான் நியூமனின் கதை

ஒரு வகுப்பின் மதிப்பெண் பட்டியல் இது: 100, 35, 9, 78. ஐந்தாவது மாணவர் தேர்வுக்கே வரவில்லை. அதனால் அவர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் பட்டியலை அதிக மதிப்பெண்ணில் தொடங்கி வரிசைப்படுத்தச் சொன்னால், பள்ளிக் குழந்தையே செய்துவிடும்.

ஆனால், நாம் தினமும் பார்க்கும் இணையதளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிடம், வேறு எதுவும் சொல்லாமல் 'வரிசைப்படுத்து, பிறகு தலைகீழாக்கு' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். என்ன வரும் தெரியுமா? வரவில்லை, 9, 78, 35, 100. தேர்வே எழுதாதவர் முதலிடம். நூற்றுக்கு நூறு வாங்கியவர் கடைசி இடம்!

கணினிக்குப் புத்தி கெட்டுவிட்டதா? இல்லை. அது தனக்குச் சொல்லப்பட்ட விதியைச் சரியாகத்தான் பின்பற்றியிருக்கிறது. எதை எதோடு, எந்த முறையில் ஒப்பிட வேண்டும் என்பதை நாம்தான் சொல்லவில்லை.

இந்தக் குழப்பத்தின் வேர் 80 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் எடுத்த சில முடிவுகளில் இருக்கிறது. குழப்பத்திலிருந்து வெளியே வரும் வழியும் அவர் எழுதிய காகிதங்களில்தான் இருக்கிறது. அவர்தான் ஜான் வான் நியூமன்.

யார் இவர்? கணித மேதை ஒருவர் வரிசைப்படுத்தும் வேலையில் ஏன் இறங்கினார்? நம்ம போனில் ஓடும் ஆப்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த வான் நியூமன்?

1903 டிசம்பர் 28 அன்று, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் வசதியான யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் நியூமன். அங்கே குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பதால், பிறந்தபோது அவர் பெயர் நியூமன் யானோஷ். மூன்று சகோதரர்களில் இவர்தான் மூத்தவர். அப்பா வங்கியாளர். 1913-ல் அப்பாவுக்கு அரச கௌரவம் கிடைத்தது. பெயரில் இருக்கும் 'வான்' அப்படி வந்ததுதான்.

சின்ன வயதிலேயே எட்டு இலக்க எண்களை மனதுக்குள்ளேயே வகுத்து விடை சொல்வார் என்று அவரைப் பற்றிக் கதைகள் உண்டு. புடாபெஸ்டில் இருந்த லூத்தரன் பள்ளியில் அவர் படித்தபோது, அவருக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவர் யூஜின் விக்னர். பின்னாளில் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய அதே விக்னர்தான்.

மகன் கணிதம் படித்தால் சோற்றுக்கு என்ன செய்வான் என்ற கவலை அந்த அப்பாவுக்கும் இருந்தது. அதனால் ஓர் ஏற்பாடு. வேலை கிடைக்கும் படிப்பு என்று வேதியியல் பொறியியல் ஒரு பக்கம், மனதுக்குப் பிடித்த கணிதம் இன்னொரு பக்கம். 1926-ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் வேதியியல் பொறியியல் பட்டயம் வாங்கினார். அதே ஆண்டு புடாபெஸ்டில் கணிதத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 22.

விளையாட்டிலும் கணிதம்

அடுத்து பெர்லின். 1928-ல் விளையாட்டுகளைப் பற்றிய ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். இரண்டு பேர் மோதும் ஆட்டத்தில், ஒருவர் வெல்வது இன்னொருவருக்கு இழப்பு என்றால், இருவருக்கும் உகந்த உத்தி எது என்பதற்கு கணித நிரூபணம் கொடுத்தார். இன்று பொருளாதாரத்திலிருந்து தேர்தல் வியூகம் வரை பேசப்படும் 'கேம் தியரி' என்ற துறைக்கு அடித்தளம் இதுதான். எந்த நகர்வு எதை வெல்லும் என்ற இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1933-ல் அங்கே புதிதாகத் தொடங்கிய உயர் ஆய்வு நிறுவனத்தின் முதல் பேராசிரியர்களில் ஒருவரானார். உடன் இருந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டதால், ஐரோப்பாவுக்குத் திரும்பும் எண்ணமும் முடிவுக்கு வந்தது. 1937-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. அணுகுண்டு தயாரிப்பு நடந்த லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு நியூமன் ஆலோசகரானார். நாகசாகியில் வீசப்பட்ட வகைக் குண்டில், வெளியிலிருந்து உள்நோக்கி வெடித்து புளூட்டோனியத்தை நசுக்கும் முறை உண்டு. அந்த முறையின் கணக்குகளில் அவருக்குப் பெரிய பங்கு இருந்தது. குண்டை எங்கே வீசுவது என்று ஆலோசித்த இலக்குக் குழுவிலும் அவர் இருந்தார். அவர் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக முடியாது.

குண்டுக்கான கணக்குகள் மலைபோலக் குவிந்தன. மேசைக் கணக்குக் கருவிகளையும், துளையிட்ட அட்டைகளைப் படிக்கும் ஐபிஎம் இயந்திரங்களையும் வைத்துக்கொண்டு சமாளிப்பது பெரும்பாடாக இருந்தது. வேகமாகக் கணக்குப் போடும் இயந்திரம் எங்கே கிடைக்கும் என்று தேடிக்கொண்டிருந்தார் நியூமன்.

ரயில் நிலையத்தில் நடந்த சந்திப்பு

1944 கோடைக்காலம். மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் ரயில் நிலையத்தில் பிலடெல்பியா ரயிலுக்காகக் காத்திருந்தார் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன். ராணுவத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் அவர். அதே நடைமேடையில் நியூமன் நிற்பதைப் பார்த்து, தானாகப் போய் பேச்சுக் கொடுத்தார்.

பிலடெல்பியாவில் ஒரு மின்னணுக் கணினி தயாராகிறது என்று கோல்ட்ஸ்டைன் சொன்னதும் பேச்சின் போக்கே மாறிவிட்டது. நொடிக்கு 300-க்கும் மேற்பட்ட பெருக்கல் போடும் இயந்திரம் அது. அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நியூமன், தேர்வில் வாய்மொழிக் கேள்வி கேட்பவர் போலக் கேள்விகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அந்த இயந்திரம்தான் எனியாக். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மூர் பள்ளியில் பிரெஸ்பர் எக்கர்ட், ஜான் மாக்லி இருவரின் தலைமையில் உருவானது. சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள், ஏறத்தாழ 30 டன் எடை. வேகத்தில் குறையில்லை. ஆனால் ஒரு கணக்கு முடிந்து வேறு கணக்கு போட வேண்டும் என்றால், வயர்களைப் பிடுங்கி வேறு இடங்களில் செருக வேண்டும். அதற்கே நாள்கணக்கில் ஆகும்.

இதற்கு அடுத்ததாக எட்வாக் என்ற கணினியைத் திட்டமிட்டார்கள். அந்த விவாதங்களில் நியூமனும் சேர்ந்துகொண்டார்.

எண்ணும் கட்டளையும் ஒரே அறையில்

1945 ஜூன் 30 தேதியிட்டு, எட்வாக் பற்றிய முதல் வரைவு அறிக்கை வெளிவந்தது. 101 பக்கங்கள். அதன் மையக் கருத்து எளிமையானது. கணக்குக்கான எண்களையும், கணக்கை எப்படிப் போட வேண்டும் என்ற கட்டளைகளையும் ஒரே நினைவகத்தில் வைத்துவிடலாம். வயர் மாற்ற வேண்டாம். கட்டளையை மாற்றினால் போதும், அதே இயந்திரம் வேறு வேலை செய்யும்.

இன்று உங்கள் கையில் இருக்கும் போன் ஒரு நொடி கேமராவாகவும் அடுத்த நொடி வரைபடமாகவும் மாறுவது இந்தக் கருத்தின் பலன்தான்.

ஆனால், இதில் ஒரு சிக்கல் உண்டு. நினைவகத்தில் இருப்பது எல்லாமே வெறும் 0, 1. வெளியிலிருந்து பார்த்தால் எது எண், எது கட்டளை என்று எப்படித் தெரியும்?

நியூமன் அந்த வரைவில் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பதிவும் 32 பிட் நீளம். அதில் முதல் பிட் ஓர் அடையாளச் சீட்டு. 0 என்றால் எண். 1 என்றால் கட்டளை. கட்டளை இருக்கும் இடத்தில் ஓர் எண்ணைக் கொண்டுபோய் எழுதினால், கட்டளை முழுதும் அழியாது; அதில் உள்ள முகவரிப் பகுதி மட்டும் மாறும். அதாவது, உள்ளே இருப்பது எந்த வகை என்று பார்த்து அதற்கேற்ப நடந்துகொள்ளும் இயந்திரம்.

இன்றைய நிரலாளர்கள் 'டேட்டா டைப்' என்று சொல்லும் விஷயத்தின் சின்ன விதை இது. 1995-ல் பிரெண்டன் ஐக் சில நாட்களிலேயே உருவாக்கிய முதல் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே போன்ற ஏற்பாடு இருந்தது. எண்ணா, எழுத்தா, வேறு பொருளா என்று சொல்ல ஒவ்வொரு மதிப்போடும் சில பிட்கள் அடையாளமாக ஒட்டியிருக்கும்.

ஏன் வரிசைப்படுத்தும் வேலை?

எட்வாக்குக்காக நியூமன் ஒரு நிரலை எழுத உட்கார்ந்தார். அணுகுண்டுக் கணக்கோ, வானிலைக் கணக்கோ எழுதியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் எடுத்துக்கொண்டது வரிசைப்படுத்தும் வேலையை!

காரணம் இருக்கிறது. கூட்டல், பெருக்கலை இந்த இயந்திரம் செய்யும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கணக்கு அல்லாத வேலையைச் செய்யுமா? இரண்டு பொருட்களைப் பார்த்து எது முன்னால், எது பின்னால் என்று முடிவெடுத்து நகர்த்தும் வேலைக்கு அதன் கட்டளைகள் போதுமா? அதுதான் சோதனை. அந்தக் காலத்தில் வரிசைப்படுத்துவதற்கென்றே ஐபிஎம் தனி இயந்திரங்கள் வைத்திருந்தது. துளையிட்ட அட்டைகளை இலக்கம் இலக்கமாகப் பிரித்து அடுக்கும் இயந்திரங்கள் அவை. எல்லா வேலைக்குமான ஒரு கணினி, அந்தத் தனி இயந்திரத்தோடு போட்டி போட முடியும் என்றால், அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

மை பேனாவால் எழுதிய 23 பக்கங்கள். அவற்றை எழுதியபோது எட்வாக் இயந்திரமே உருவாகியிருக்கவில்லை. இல்லாத கணினிக்காக எழுதப்பட்ட நிரல் அது. நிரலை நினைவகத்திலேயே வைத்திருக்கும் கணினிக்காக எழுதப்பட்டவற்றில் இதுவே முதல் என்று கருதுவோர் உண்டு. 1970-ல் கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் அந்தக் கையெழுத்துப் பிரதியை வரி வரியாக ஆராய்ந்து எழுதியபோதுதான் இது பரவலாகத் தெரியவந்தது.

'மெர்ஜ் சார்ட்' என்றால் என்ன?

விடைத்தாள் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆசிரியர்கள் ஆளுக்கொரு கட்டை மதிப்பெண் வரிசையில் அடுக்கிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே கட்டாக்க வேண்டும். எல்லாவற்றையும் கலைக்க வேண்டுமா? வேண்டாம். இரண்டு கட்டின் மேலே இருக்கும் தாள்களை மட்டும் பாருங்கள். எது சிறியதோ அதை எடுத்து மூன்றாவது கட்டில் வையுங்கள். திரும்ப மேலே இருக்கும் இரண்டைப் பாருங்கள். அவ்வளவுதான்.

தொடக்கத்தில் ஒவ்வொரு தாளும் ஒரு தனிக் கட்டு. ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டு, இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்கு, அப்படியே எட்டு, பதினாறு என்று வளரும். 1,000 தாள்களுக்கு சுமார் 10 சுற்று போதும். 10 லட்சம் தாள்களுக்கு சுமார் 20 சுற்றுதான்.

இதன் லாபம் எவ்வளவு? 10 லட்சம் தாள்களில் ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் சுமார் 50,000 கோடி ஒப்பீடுகள் ஆகும். நியூமன் வழியில் சுமார் 2 கோடி.

இன்று கூகுள் குரோம் பிரவுசரும், பைதான் மொழியும் பயன்படுத்தும் 'டிம்சார்ட்' முறை இதே இணைப்பு உத்தியின் வாரிசுதான். பயர்பாக்ஸும் மெர்ஜ் சார்ட்டைத்தான் பயன்படுத்துகிறது.

அப்படியென்றால் எங்கே தப்பாகிறது?

இப்போது நம் மதிப்பெண் பட்டியலுக்கு வருவோம். இப்படி ஒரே பெயரின் கீழ் அடுக்கிய தரவுகளைத்தான் 'அரே' என்கிறார்கள். ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் அரேக்குள் எண், எழுத்து, ஆம்-இல்லை, காலி மதிப்பு என எதை வேண்டுமானாலும் கலந்து போடலாம்.

கலந்து கிடப்பதை எப்படி ஒப்பிடுவது? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றி, அகராதியில் பார்ப்பதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 100 என்பது அதற்கு நூறு அல்ல. ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்ற மூன்று எழுத்துகள். 9 என்பது ஒரே எழுத்து. ஒன்று ஒன்பதுக்கு முன்னால் வரும் என்பதால் 100 முன்னால் வந்துவிடுகிறது. யூனிகோடு எண் வரிசையில் தமிழ் எழுத்துகள் இலக்கங்களுக்குப் பிறகு வருவதால் 'வரவில்லை' கடைசிக்குப் போகிறது. பட்டியலைத் தலைகீழாக்கினால், அவரே முதல் ரேங்க்!

சரி, எண்களாக ஒப்பிடு என்று சொல்லிவிடலாமே? பல நிரலாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழி. விடை மைனஸ் என்றால் முதலாவது முன்னால், ப்ளஸ் என்றால் பின்னால், 0 என்றால் இரண்டும் சமம். வெறும் எண்கள் மட்டும் இருந்தால் இது சரியாக வேலை செய்யும்.

ஆனால் 78-லிருந்து 'வரவில்லை' என்பதைக் கழித்தால்? விடை ஓர் எண்ணே அல்ல. ஜாவாஸ்கிரிப்ட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, இரண்டும் சமம்!

இதன் விளைவைப் பாருங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குகிறோம். இடது கட்டில் 78. வலது கட்டில் மேலே 'வரவில்லை', அதற்குக் கீழே 35. இரண்டு கட்டின் மேல்தாள்களை ஒப்பிட்டால் சமம் என்று வருகிறது. சமம் என்றால் இடது பக்கத்தை முதலில் எடுப்பது வழக்கம். 78 போய்விட்டது. மிச்சம் இருப்பது அப்படியே பின்னால் வரும். முடிவு: 78, வரவில்லை, 35. நடுவில் ஒரு சுவர் எழும்பியதால், 78-ம் 35-ம் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

காலி இடம் இன்னும் மோசம். 'நல்' என்ற காலி மதிப்பைக் கழித்தல் கணக்கில் போட்டால் அது 0 ஆகிவிடும். தேர்வுக்கு வராதவரும், எழுதி பூஜ்யம் வாங்கியவரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். வேலைக்கான பட்டியலிலோ, உதவித்தொகைப் பட்டியலிலோ இது நடந்தால், அது ஒருவருடைய வாழ்க்கைப் பிரச்னை.

கல், காகிதம், கத்தரிக்கோல்

இதைவிட வேடிக்கையான ஒன்று உண்டு. எழுத்தாகப் பதிவான '10', எழுத்தாகப் பதிவான '2', எண்ணாகப் பதிவான 5. இந்த மூன்றையும் 'சிறியது' என்ற குறியை வைத்து ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒப்பிட்டால் என்ன ஆகும்?

இரண்டுமே எழுத்து என்றால் அகராதி முறை. அதனால் '10' என்பது '2'-ஐவிடச் சிறியது. ஒன்று எழுத்து, ஒன்று எண் என்றால் எண் முறை. அதனால் '2' என்பது 5-ஐவிடச் சிறியது. அதே எண் முறைப்படி 5 என்பது '10'-ஐவிடச் சிறியது. சுற்றி வந்து ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறோம்!

கல் கத்தரிக்கோலை வெல்லும், கத்தரிக்கோல் காகிதத்தை வெல்லும், காகிதம் கல்லை வெல்லும். விளையாட்டாக இருந்தால் சுவாரசியம். நியூமன் 1928-ல் ஆராய்ந்தது இந்த மாதிரி ஆட்டங்களைத்தான். ஆனால் இந்த மூன்றில் எது முதல், எது கடைசி என்று கேட்டால் பதிலே கிடையாது. எவ்வளவு அருமையான வரிசைப்படுத்தும் முறையானாலும், ஒப்பிடும் விதி இப்படிச் சுற்றி வந்தால் கிடைப்பது ஏதோ ஒரு வரிசைதான். சரியான வரிசை அல்ல. இது ஜாவாஸ்கிரிப்ட்டின் விதிமுறையிலேயே இருக்கிறது: ஒப்பிடும் விதி முன்னுக்குப் பின் முரணாக இருந்தால், முடிவு அந்தந்த பிரவுசரின் இஷ்டம்.

நியூமனின் காகிதத்தில் இருக்கும் பதில்

இதிலிருந்து எப்படித் தப்பிப்பது? 1945-ன் அந்தக் கையெழுத்துப் பிரதியைத் திரும்பப் பார்ப்போம்.

நியூமன் வெறும் எண்களை வரிசைப்படுத்தவில்லை. அவர் எடுத்துக்கொண்டது எண்களின் தொகுப்புகளை. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு முதன்மை எண் உண்டு. அதோடு ஒட்டிக்கொண்டு வேறு சில எண்கள் இருக்கும். ஒப்பிடுவது முதன்மை எண்ணை மட்டும்தான். மற்றவை அதன் பின்னாலேயே நகரும், ரயில் எஞ்சினுக்குப் பின்னால் பெட்டிகள் போல. பொருள் என்ன என்பது வேறு, அதை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பது வேறு. இன்றைய மொழியில் இந்த முதன்மை எண்ணுக்குப் பெயர் 'கீ'.

கலவைப் பட்டியலுக்கும் இதே மருந்துதான். மூன்று படிகள்:

முதலில், ஒவ்வொரு வகைக்கும் ஓர் இட எண் கொடுங்கள். எண்களுக்கு 1, எழுத்துகளுக்கு 2, காலி மதிப்புக்கு 3. இந்த முடிவை எடுக்க வேண்டியது மனிதர், இயந்திரம் அல்ல.

இரண்டாவதாக, இரண்டு மதிப்புகளை ஒப்பிடும்போது முதலில் இந்த இட எண்ணைப் பாருங்கள். வேறு வேறு வகை என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிடும். கழித்தலும் இல்லை, மாற்றமும் இல்லை.

மூன்றாவதாக, ஒரே வகை என்றால் மட்டும் உள்ளே போய் ஒப்பிடுங்கள். எண்ணை எண்ணாக, எழுத்தை எழுத்தாக.

எழுத்தாக வந்துவிட்ட '100' போன்றவற்றை, வரிசைப்படுத்துவதற்கு முன்பே எண்ணாக மாற்றிவிடுவது நல்லது. 'வரவில்லை' என்பதை மதிப்பெண் கட்டத்தில் எழுதாமல், வருகை என்ற தனிக் கட்டத்தில் எழுதுவது அதைவிட நல்லது.

எழுத்தை எழுத்தாக ஒப்பிடுவதிலும் நமக்கு ஒரு கவனம் தேவை. 'அலை', 'அறம்' இரண்டில் தமிழ் அகராதியில் எது முதலில் வரும்? நம் நெடுங்கணக்கில் 'ல' முன்னால், 'ற' பின்னால். எனவே 'அலை'. ஆனால் யூனிகோடு எண் வரிசையில் 'ர'-வுக்கு அடுத்தே 'ற' இருப்பதால், ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான முறை 'அறம்' என்பதை முதலில் வைத்துவிடும். தமிழ் விதிப்படி ஒப்பிடு என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதற்கான 'லோக்கேல்கம்பேர்' என்ற வசதி அந்த மொழியிலேயே இருக்கிறது.

புகழ் யாருக்கு? வெடித்த சர்ச்சை

எட்வாக் வரைவு அறிக்கையின் அட்டையில் இருந்தது ஒரே பெயர்: ஜான் வான் நியூமன். எக்கர்ட், மாக்லி பெயர்கள் இல்லை. கோல்ட்ஸ்டைன் அதைப் பலருக்கும் அனுப்பிவைத்தார். நிரலை நினைவகத்தில் வைக்கும் கருத்து 'வான் நியூமன் கட்டமைப்பு' என்றே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

நியூமன் வருவதற்கு முன்பே இதைப் பற்றி யோசித்தோம் என்பது எக்கர்ட், மாக்லியின் வாதம். கருத்துகள் பொதுவெளிக்குப் போய்விட்டதால் காப்புரிமை வாங்குவதும் சிக்கலானது. 1946-ல் இருவரும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறித் தனி நிறுவனம் தொடங்கினார்கள். எனியாக் காப்புரிமை வழக்கு நீண்டுகொண்டே போய், 1973-ல் அந்தக் காப்புரிமை செல்லாது என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் வரைவு அறிக்கை முன்கூட்டியே வெளியானதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஒரு குழுவின் உழைப்பு ஒருவர் பெயரில் நிலைத்தது நியாயமா என்ற கேள்வி இன்றும் ஓயவில்லை.

சீட்டு இல்லாத நினைவகம்

போருக்குப் பிறகு பிரின்ஸ்டனில் நியூமன் தன் சொந்தக் கணினித் திட்டத்தைத் தொடங்கினார். ஆர்தர் பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன் ஆகியோருடன் சேர்ந்து 1946-ல் அதன் வடிவமைப்பை வெளியிட்டார். இதில் ஒரு முக்கிய மாற்றம். ஒவ்வொரு பதிவும் 40 பிட். அதற்குள் ஓர் எண் இருக்கலாம், அல்லது இரண்டு கட்டளைகள் இருக்கலாம். எட்வாக் வரைவில் இருந்த அடையாளச் சீட்டு இங்கே இல்லை!

இனி எது எண், எது கட்டளை என்பது நிரலை எழுதுபவரின் பொறுப்பு. இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். வன்பொருள் எளிமையானது; சுமை மனிதரின் தோளுக்கு மாறியது. இன்றைய கணினிகளின் நினைவகமும் பெரும்பாலும் இப்படித்தான். நினைவகம் வகை பார்ப்பதில்லை. அதன் மேல் ஓடும் மொழிகள்தான் வகையைக் கவனித்துக்கொள்கின்றன.

கோல்ட்ஸ்டைனும் நியூமனும் 1947, 1948 ஆண்டுகளில் வெளியிட்ட நிரலாக்க அறிக்கைகளில் வரிசைப்படுத்தும் முறையும் விரிவாக இடம்பெற்றது. அவருடைய இரண்டாவது மனைவி கிளாரா டானும் தொடக்ககால நிரலாளர்களில் ஒருவர். 1948-ல் லாஸ் அலமோஸ் கணக்குகளுக்காக எனியாக்கில் ஓடிய நிரல்களை எழுதியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

53 வயதில் முடிந்த பயணம்

1955-ல் அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் உறுப்பினராக நியூமன் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. 1956-ல் அதிபர் ஐசன்ஹோவர் கையால் சுதந்திரப் பதக்கம் வாங்க அவர் வந்தது சக்கர நாற்காலியில்.

கடைசி மாதங்கள் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கழிந்தன. மயக்கத்தில் ராணுவ ரகசியங்களைப் பேசிவிடக் கூடாதே என்று காவல் போடப்பட்டிருந்ததாகப் பதிவுகள் சொல்கின்றன. வாழ்நாள் முழுக்க மூளையின் வேகத்தால் அறியப்பட்டவருக்கு, அந்த மூளை மெல்ல மங்குவதுதான் பெரிய வேதனையாக இருந்தது. மனித மூளையையும் கணினியையும் ஒப்பிட்டு அவர் தயாரித்து வந்த சொற்பொழிவுகளை நிகழ்த்தவே முடியவில்லை. 1957 பிப்ரவரி 8 அன்று காலமானார். வயது 53. அந்தச் சொற்பொழிவுகள் அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தன.

அவர் மறைந்து 38 ஆண்டுகள் கழித்துத்தான் ஜாவாஸ்கிரிப்ட் பிறந்தது. பெரிய பட்டியல்களுக்கு வேறு முறையைப் பயன்படுத்தி வந்த குரோம், 2018-ல் டிம்சார்ட்டுக்கு மாறியது. சம மதிப்புள்ளவை தங்கள் பழைய வரிசையை இழக்கக் கூடாது என்பதை ஜாவாஸ்கிரிப்ட்டின் 2019 விதிமுறை கட்டாயமாக்கியது. இரண்டு கட்டுகளை இணைக்கும் முறை இயல்பாகவே தரக்கூடிய பலன் அது.

ஷாப்பிங் ஆப்பில் விலைப் பட்டியல், பேருந்து நேரம், தேர்வு முடிவு என்று எதை வரிசைப்படுத்தினாலும், இயந்திரம் செய்வது இரண்டு தாள்களைப் பார்த்து ஒன்றை எடுக்கும் வேலைதான். அதை மின்னல் வேகத்தில் செய்யும். எது முன்னால் வர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அந்த முதன்மை எண்ணை எழுதிக் கொடுக்க வேண்டியது, 1945-ல் நியூமன் செய்ததைப் போலவே, இன்றும் மனிதர்தான்.